உங்கள் நாட்டுக்குச் சராசரி

22 ஓகஸ்ட் 2011, திங்கள்

டொச் வகுப்பில், அதுதான் ஜேர்மன் மொழி வகுப்பில், இன்று எல்லோருக்கும் ஒரு கொப்பி தந்தார்கள். தினமும் சில வசனங்களாவது டொச்சில் எழுதிப் பழக வேண்டுமாம். முதல் வசனம் எழுதினேன்: என் பெயர் சுகிர்தா. இரண்டாவது: எனக்கு ஒரு மகள். மூன்றாவதாகக் கணவரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். அந்தளவுக்கு எனக்கு டொச் வராது. அதனால் கொப்பியைத் திருப்பிப் பிடித்து, பின்பக்கத்திலிருந்து தமிழில் எழுதுகிறேன்.

நானும் மகளும் சுவிசுக்கு வந்து ஆறு மாதமாகிறது. காலையில் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு உரிப்பதும் கரட் சீவுவதும்தான். வன்னியில் பத்தாம், பதினோராம் ஆண்டுகளுக்குக் கணிதம் படிப்பித்தவள் என்று அங்கே யாருக்கும் தெரியாது. சொல்வதற்கு என்னிடம் சொற்களும் இல்லை.

மகள் இசைவிழிக்குப் போன கிழமை பாடசாலை தொடங்கியது. வகுப்பாசிரியை ரெகூலாவுக்கு அந்தப் பெயர் வாயில் வரவில்லை. 'ஈசா' என்கிறார். இன்று பிள்ளையைக் கூட்டிவரப் போனபோது என்னை நிறுத்தி நெடுநேரம் ஏதோ சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்து, மொழிபெயர்ப்புக்கு வருகிற மங்களா அக்காவிடம் போனில் கேட்டேன். அவர் ரெகூலாவுடன் பேசிவிட்டுத் திரும்ப எடுத்தார்.

"பிள்ளை வகுப்பிலை வாயே திறக்கிறாளில்லையாம். எது கேட்டாலும் மறுமொழி இல்லையாம். ஒரு சோதனை வச்சுப் பாக்கப் போயினமாம். நீர் பயப்பிடாதையும், கன பிள்ளையளுக்கு வைக்கிறதுதான்."

"என்ன சோதனை அக்கா?"

"மூளைச் சோதனை. ஐ.கியூ எண்டுவினமே, அது."

என் கணவர் வந்துவிட்டால் இந்தப் பாடசாலை விடயங்களை எல்லாம் அவரே பார்த்துக்கொள்வார். ஆங்கிலமும் தெரியும், யாரோடும் கதைத்துப் பழகிவிடுகிற ஆள். 2009 மே மாதம், போர் முடிந்தபோது, இராணுவம் அவரை விசாரணைக்கென்று கூட்டிப் போனது. யாரோ காட்டிக் கொடுத்திருக்கிறார்கள். அச்சகத்தில் வேலை செய்த மனிதரை எத்தனை காலம் விசாரிப்பார்கள்?

25 ஓகஸ்ட்

மழை. விழி பால் குடிக்கவில்லை. பாண் துண்டின் கரையை விட்டுவிட்டு உள்ளே இருக்கிற வெள்ளைப் பகுதியை மட்டும் தின்றாள்.

30 ஓகஸ்ட்

சோதனை இன்று நடந்தது. திருமதி ஷெரர் என்கிற உளவியலாளர், நரைத்த கட்டை முடி, மெல்லிய குரல். பிள்ளையின் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மங்களா அக்காவை உள்ளே விடவில்லை. பாதிச் சோதனை படங்களும் கட்டைகளும்தானாம், அதற்கு மொழி தேவையில்லையாம். மீதிப் பாதிக்கு இலகுவான டொச் போதுமாம்.

வெளியே கதிரையில் இருந்தேன். சுவரில் பிள்ளைகள் கீறிய மாடுகள்.

வந்தவளிடம் கேட்டேன். "என்ன கேட்டவை?"

"ஒண்டுமில்லை."

"கடுமையா இருந்ததோ?"

"இல்லை."

பஸ்ஸில் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். காய்ச்சலோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன், இல்லை.

9 செப்டெம்பர், வெள்ளி

இதை எழுதத்தான் வேண்டும்.

திருமதி ஷெரர், ரெகூலா, மங்களா அக்கா, நான். மேசையில் தண்ணீரும் சின்னச் சின்ன பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள். திருமதி ஷெரர் ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் வைத்தார். மணி வடிவில் ஒரு வளைகோடு. பார்த்ததுமே எனக்குத் தெரிந்தது. எத்தனை வருடம் கரும்பலகையில் கீறியிருக்கிறேன்! நடுவில் நூறு. இடது பக்கம், கோடு தரையோடு படுக்கத் தொடங்குகிற இடத்தில், பேனாவால் ஒரு புள்ளி.

"இதிலை நிக்கிறாவாம் பிள்ளை" என்றார் மங்களா அக்கா. எண்ணை அவர் சொல்லவில்லை. நானே வாசித்தேன். அறுபத்தெட்டு.

திருமதி ஷெரர் என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எழுந்து வந்து பக்கத்தில் இருந்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். பிறகு இன்னொரு தாளை எடுத்துக் காட்டினார். நாடுகளின் பெயர்களும் அவற்றுக்கு எதிரே எண்களும். எங்கள் நாட்டின் பெயரும் இருந்தது, இவர்களுடைய எண்ணைவிட நன்றாகக் குறைந்த ஓர் எண்ணோடு.

மங்களா அக்கா அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தார்.

"என்ன சொல்லுறா அக்கா?"

"கவலைப்பட வேண்டாமாம். உங்கட நாட்டுப் பிள்ளையளோடை வச்சுப் பாத்தால் இது அவ்வளவு குறைவில்லையாம். அங்கத்தைச் சராசரிக்குக் கிட்டத்தானாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவ நல்ல மனசோடைதான் சொல்லுறா, பிள்ளை."

நல்ல மனதோடுதான் சொன்னார். அது எனக்கும் தெரிந்தது. அதனால்தான் கோபப்படவும் முடியவில்லை.

விழியை வேறு வகுப்புக்கு மாற்றப் போகிறார்களாம். சின்ன வகுப்பு என்று அதற்குப் பெயர். பிள்ளைகள் குறைவு, ஆசிரியரின் கவனம் கூட. முதலில் நல்லதென்றுதான் நினைத்தேன். எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பில் ஐம்பது பேர் இருந்தார்கள். அந்த வகுப்பிலிருந்து பிறகு எங்கே போவார்கள் என்று கேட்டேன். ரெகூலா சம்மதத் தாளை எடுத்து என் முன்னால் வைத்தார்.

மாத முடிவுக்குள் சம்மதக் கையெழுத்து வைக்க வேண்டும்.

10 செப்டெம்பர்

நேற்றிரவு முழுக்க அந்த அட்டவணைதான் மனதில் ஓடியது. சராசரி என்ற பாடத்தை ஒவ்வொரு வருடமும் ஒரே கேள்வியோடுதான் தொடங்குவேன்: யாரை அளந்தீர்கள்? பத்துப் பேரின் உயரத்தைக் கூட்டிப் பத்தால் வகுத்தால் ஓர் எண் வரும். அந்தப் பத்துப் பேர் யார், எங்கே நின்றவர்கள் என்று அந்த எண் சொல்லாது.

எங்கள் பிள்ளைகளை யார் வந்து அளந்தார்கள்? எந்த வருடம்? கொழும்பில் மின்விசிறிக்குக் கீழே இருந்த பிள்ளைகளையா, அல்லது எங்கள் பிள்ளைகளையா? எங்கள் பாடசாலை இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் ஒரு புளியமரத்தடிக்கு வந்தது. கரும்பலகைக்குப் பக்கத்திலேயே பதுங்குகுழி. நான் சமன்பாட்டை எழுதிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டால் எல்லோரும் உள்ளே இறங்குவோம். ஏறி வந்து பார்த்தால் பலகையில் பாதிச் சமன்பாடு அப்படியே இருக்கும், சில வேளைகளில் அதைப் பார்க்க ஒரு பிள்ளை குறைவாக இருக்கும். பிறகு மரத்தடியும் இல்லை. விழி முதலாம் வகுப்பில் படிக்க வேண்டிய வருடத்தைக் கஞ்சிக்கு வரிசையில் நின்று கழித்தாள். அடுத்த வருடம் முகாமில், முள்ளுக்கம்பிக்குள். அவள் 'அ' எழுதியது மணலில்.

இதையெல்லாம் அந்த மேசையில் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்த டொச் சொற்கள்: உருளைக்கிழங்கு, கத்தி, படுக்கைவிரிப்பு, நன்றி, தவணை.

பின்னேரம் விழியோடு இருந்து தாளில் எண்கோலம் போட்டேன். ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்று. அடுத்தது என்ன என்று கேட்கவில்லை. பென்சிலை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போனேன். திரும்பி வந்தபோது பதினாறு, இருபத்திரண்டு, இருபத்தொன்பது என்று தாளின் ஓரம் வரை போயிருந்தது. அவள் யன்னலடியில் நின்று குருவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

14 செப்டெம்பர்

மங்களா அக்கா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். புட்டும் மீன் குழம்பும். விழி இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள். அவருடைய மகன் நிரோஷன் வேலை முடிந்து வந்தான். முப்பது வயது இருக்கும், களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலை. விழிக்குத் தன் போனில் கார்ப் பந்தயம் காட்டினான்.

அவன் குளிக்கப் போனதும் அக்கா சொன்னார். "இவனும் சின்ன வகுப்புத்தான்."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"வந்த புதுசு. ஏழு வயசு. டொச் தெரியாது, கக்கூசுக்குப் போகவேணும் எண்டு கேக்கவும் தெரியாது. ஒரு சோதனை வச்சினம். குறைவு எண்டிச்சினம். படிச்ச ஆக்கள் சொல்லுகினம், சரியாத்தான் இருக்கும் எண்டு நானும் அவன்ரை அப்பாவும் கையெழுத்து வச்சனாங்கள். பிறகு மேலை ஏறவே விடேல்லை. அந்த வகுப்பால வந்தவன் எண்டால் ஒரு இடத்திலையும் தொழில் பழக எடுக்கமாட்டினம்." மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே இருந்தார். "இப்ப அவன் நாலு பாசை கதைப்பான். களஞ்சியத்திலை எல்லாரும் கணக்குக்கு இவனைத்தான் கூப்பிடுவினமாம். நான் ஒவ்வொரு பள்ளிக்கூடமாப் போய் மற்ற ஆக்களின்ரை கதையை மாத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறன். எனக்கெண்டு சொல்ல அப்ப ஒருத்தரும் இல்லை."

கையெழுத்து வைக்கவா வேண்டாமா என்று கேட்டேன். அவர் எழும்பித் தட்டுகளை அடுக்கினார். வழியனுப்பும்போது புட்டைக் கட்டித் தந்தார்.

18 செப்டெம்பர், ஞாயிறு

எங்கள் கட்டடத்தில் இன்று எங்களுக்கு உடுப்புத் தோய்க்கிற முறை. கீழே, இயந்திர அறையில், இருவரும் விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். சும்மா கதையாகத்தான் கேட்டேன்.

"அண்டைக்கு அந்த அம்மா என்ன படம் காட்டினவ?"

"சைக்கிள்."

"சைக்கிளோ?"

"ஒரு சில்லு இல்லாத சைக்கிள். பிறகு முள்ளு இல்லாத மணிக்கூடு. பிறகு சிவப்பு வெள்ளைக் கட்டை, படத்திலை இருக்கிற மாதிரி அடுக்க வேணும்."

"அதுகளிலை என்ன குறையுது எண்டு உனக்குத் தெரிஞ்சதோ?"

"ஓம்."

"கட்டை அடுக்கத் தெரிஞ்சதோ?"

"ஓம்." விரிப்பின் முனையைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். "லேசு."

"பிறகேன் பிள்ளை செய்யேல்லை?"

என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். "நீங்கள்தானே அம்மா சொன்னனீங்கள். பேப்பரும் பேனையும் வச்சிருக்கிற ஆக்கள் என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லச் சொல்லி. அவ எல்லாத்தையும் பேப்பரிலை எழுதினவ."

இயந்திரம் நின்றுவிட்டது. உடுப்பை எடுத்துக் கூடையில் போட்டேன். மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

19 செப்டெம்பர்

உருளைக்கிழங்கு. கரட். இல்லத்துச் சமையற்காரர் என் விரலுக்குப் பிளாஸ்டர் போட்டுவிட்டார்.

21 செப்டெம்பர்

யாரோ காட்டிக் கொடுத்தார்கள் என்று இந்தக் கொப்பியில் எழுதியிருந்தேன். அது அப்படியில்லை.

2009 மே. சண்டை நடந்த இடத்திலிருந்து வெளியே வந்து, இராணுவம் காவல் நின்ற வெட்டைவெளியில் நின்றோம். கணவர் சாரத்தோடும் கிழிந்த சேட்டோடும் எங்களுடன்தான் நின்றார். ஒருவன் வந்தான். கையில் தாள் பிடிக்கிற பலகை, நல்ல தமிழ். பெரியவர்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. விழிக்கு முன்னால் குந்தியிருந்து மாலிபன் பிஸ்கட் ஒன்றை உடைத்துக் கொடுத்தான். அவள் அன்றைக்கு ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. "அப்பா என்ன வேலை செய்தவர், குஞ்சு?" என்றான்.

அப்பாவைப் பற்றி யார் கேட்டாலும் பெருமையாகச் சொல்லுகிற பிள்ளை. "அப்பா இயக்கத்துக்குப் புத்தகம் அடிக்கிறவர். எங்கட பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் அப்பா அடிச்சதுதான்" என்றாள்.

பாடப்புத்தகங்கள். அவர் அச்சடித்தது ஆறாம் ஆண்டு கணிதமும் சுற்றாடலும். அவன் எழுதிக்கொண்டான். அவரை வேறு வரிசைக்குப் போகச் சொன்னார்கள். போகும்போது அவர் விழியின் தலையைத் தடவிவிட்டுப் போனார். பஸ்ஸில் ஏறியதைப் பார்த்தேன். அவ்வளவுதான்.

அன்றிரவு முகாமில் விழியைப் பிடித்து உலுக்கினேன். தாளோடு வருகிற எவன் கேட்டாலும் தெரியாது என்று சொல், உன் பெயர் என்னவென்று கேட்டாலும் தெரியாது என்று சொல் என்றேன். அவள் அழவில்லை. ஆறு வயது. தலையாட்டினாள். இரண்டு வருடம் முகாமிலும், கொழும்பிலும், தூதரகத்திலும், இங்கேயும் நான் சொன்னதை அப்படியே செய்திருக்கிறாள்.

அறுபத்தெட்டு.

23 செப்டெம்பர்

மங்களா அக்காவிடம் சொன்னேன். அவர் அரை நாள் லீவு போட்டு வந்தார். திருமதி ஷெரரிடம் போனோம்.

அக்கா எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். நடுவில் ஓரிடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். திருமதி ஷெரர் பேனாவை எடுத்தார், பிறகு மூடி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டார். அவருக்குக் கண் கலங்கியது. "தன்னை மன்னிக்க வேணுமாம். அந்த அட்டவணையைக் காட்டியிருக்கக் கூடாதாம்" என்றார் அக்கா.

ஆனால் அதே சோதனையை ஒரு வருடத்துக்குள் திரும்ப வைக்க முடியாதாம், அப்படி வைத்தால் செல்லாதாம். பிள்ளை வாய் திறக்காமல் ரெகூலாவின் வகுப்பில் இருபத்திமூன்று பேருக்குள் இருந்தால் இந்த ஒரு வருடமும் வீணாகும் என்றார் திருமதி ஷெரர். சின்ன வகுப்பில் அமைதியாக இருக்கும், அடுத்த வருடம் தானே பொறுப்பெடுத்துத் திரும்பப் பார்ப்பதாகச் சொன்னார். எழுத்தில் தரச் சொல்லி அக்கா விடாப்பிடியாக நின்றார். அவ்வளவு உரத்த குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு திருமதி ஷெரர் ஏதோ கேட்டார். அக்கா மொழிபெயர்க்காமல் என்னையே பார்த்தார்.

"உம்மட்டை ஒண்டு கேக்கிறா. நான் சொல்லட்டோ, வேண்டாமோ?"

"சொல்லுங்கோ."

"மனுசன் திரும்பி வருவார் எண்டு பிள்ளைக்குச் சொல்லி வச்சிருக்கிறீரோ எண்டு. நீர் அப்பிடி நம்புறீரோ எண்டு."

யன்னலுக்கு வெளியே பாடசாலை முடிந்து பிள்ளைகள் ஓடினார்கள். இல்லை என்று தலையாட்டினேன். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

30 செப்டெம்பர்

கையெழுத்து வைத்தேன். மங்களா அக்கா வெளியே போய் நின்றார்.

2 ஒக்டோபர், ஞாயிறு

ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போனேன். இலைகள் மஞ்சளாகிவிட்டன. பெஞ்சில் இருந்து, அப்பா இனி வரமாட்டார் என்று சொன்னேன். எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன், வந்தது இந்த ஒரு வசனம்தான்.

"தெரியும்" என்றாள்.

"எப்ப இருந்து?"

"பஸ் போகேக்கை."

நான் அவளிடம் மறைத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன். அவளோ என்னை நோகவைக்கக் கூடாதென்று இரண்டு வருடம் கேட்காமல் இருந்திருக்கிறாள்.

நெடுநேரம் கழித்து, "நான் சொன்னதாலைதானே அம்மா?" என்றாள்.

இல்லை என்றேன். அங்கே அவரைத் தெரிந்தவர்கள் கன பேர் நின்றார்கள், யாராவது சொல்லியிருப்பார்கள் என்றேன். அப்பாவின் வேலையை அப்பாவின் பிள்ளை சொன்னது, அதைக் கேட்டுக்கொண்டு போனவன்தான் செய்தவன் என்றேன். நான் உன்னை உலுக்கினேனே, அதுதான் கூடாத வேலை, இனி இங்கே யார் கேட்டாலும் தெரிந்ததைச் சொல் என்றேன். அவள் தலையாட்டவில்லை. வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சொன்னதில் எவ்வளவை நம்பினாளோ.

வீட்டுக்கு வந்ததும் இடியப்பம் இருக்கிறதா என்று கேட்டாள்.

17 ஒக்டோபர்

சின்ன வகுப்பு அடுத்த ஊரில். ஒரு சிறிய வான் வந்து ஏற்றிப் போகிறது. ரெகூலாவின் வகுப்புப் பிள்ளைகள் வானைப் பார்த்து ஏதோ கத்தினார்கள், சிரித்தார்கள். அந்தச் சொல் எனக்கு விளங்கவில்லை. விழிக்கு விளங்கியது.

28 ஒக்டோபர்

வானில் போகமாட்டேன் என்று காலையில் அழுதாள். இங்கு வந்த பிறகு முதல்தரம் அழுகிறாள். அடம்பிடிக்கிற பிள்ளையைப் பார்த்து நானும் கதவடியில் இருந்து அழுதேன். வான் கொஞ்சநேரம் நின்றது. பிறகு போய்விட்டது. இருவரும் நடந்தே போனோம்.

18 நவம்பர், வெள்ளி

இன்று பின்னேரம் சின்ன வகுப்பில் பெற்றோர் கூட்டம். மங்களா அக்காவுக்கு வேறு இடத்தில் வேலை, தனியாகப் போனேன்.

ஏழு பிள்ளைகள். கொசோவோப் பையன், எரித்திரியாவிலிருந்து வந்த இரட்டையர், போர்த்துக்கல் சிறுமி, சோமாலியாப் பையன், இந்த ஊர்த் தோட்டக்காரரின் திக்கித் திக்கிப் பேசுகிற மகன், விழி. ஒவ்வொரு பிள்ளையின் நாட்டுக்கும் அந்த அட்டவணையில் ஓர் எண் இருந்திருக்கும். சுவரோரம் கதிரைகளில் நாங்கள். எல்லோரும் வேலை உடுப்போடு வந்திருந்தோம்.

ஆசிரியர் உர்ஸ் உயரமான மனிதர், கம்பளிச் சட்டை. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழும்பித் தங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்றார். விருப்பமில்லாதவர்கள் சொல்லத் தேவையில்லை. கையில் தாளோ பேனையோ இல்லாமல் தரையில் சப்பாணி கட்டி இருந்தார். சோமாலியாப் பையன் சொல்லவில்லை. பாதகமில்லை என்று அடுத்த பிள்ளையைப் பார்த்தார்.

விழி எழும்பினாள்.

"என் பெயர் இசைவிழி" என்று டொச்சில் தொடங்கினாள். முழுப்பெயர். உர்ஸ் அதை ஒரு தரம் பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். பழகியிருக்கிறார். "எனக்கு எட்டு வயது. என் அம்மா கணித ஆசிரியை." எனக்குப் பக்கத்தில் இருந்த போர்த்துக்கல் சிறுமியின் தாய் திரும்பி என்னைப் பார்த்தார். என் விரல்களை மடிக்குள் மறைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு வசனம். அதிலிருந்த கடைசிச் சொல் எனக்குத் தெரிந்த சொல். முதியோர் இல்லத்தில், காலையில் ஒரு தட்டு மிஞ்சினால் யாருடையது என்று கேட்பேன். சமையற்காரர் பெயரைச் சொல்லிவிட்டு அந்தச் சொல்லைச் சொல்லுவார். அப்படிப் படித்தது.

என் அப்பா இறந்துவிட்டார் என்று விழி சொன்னாள். "அவர் பிள்ளைகளுக்குப் புத்தகம் அச்சடித்தார்" என்றாள். உரத்து, எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் இன்று வரை எந்த மொழியிலும் அந்தச் சொல்லை அவரைப் பற்றிச் சொல்லவில்லை.

உர்ஸ் எழும்பி அவளுக்குக் கை கொடுத்தார். பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல. அவள் வந்து என் பக்கத்தில் இருந்தாள். போர்த்துக்கல் சிறுமியின் தாய் என் முழங்கையில் கையை வைத்திருந்தார், எடுக்கவில்லை.

விழி என் காதுக்குக் கிட்ட வந்தாள்.

"பிழையாச் சொன்னனானோ அம்மா?"

"இல்லைக் குஞ்சு" என்றேன். "உன்னிலை ஒரு பிழையும் இல்லை."